பெட்டி நின்ற இடம்

வெப்பமானிப் பெட்டியை எங்கே நிறுத்த வேண்டும் என்பதற்கு விதி இருக்கிறது. சுவரிலிருந்தும் மரத்திலிருந்தும் தள்ளி, திறந்த வெளியில், ஓர் ஆளின் நெஞ்சு உயரத்தில், அந்த வட்டாரத்தின் இயல்பான தரைக்கு மேல் நிறுத்த வேண்டும். தண்ணீர் பாய்ச்சி வளர்க்கும் தரை இயல்பான தரை ஆகாது. விதி இவ்வளவுதான். இதைப் புரிந்துகொள்ளப் பட்டம் வேண்டியதில்லை.

எங்கள் அலுவலகத்துப் பெட்டி புல்தரையின் நடுவில் நின்றது.

சேலத்துக்கும் நாமக்கல்லுக்கும் இடையில் உள்ள தாலுகா அலுவலகம். ஊர்ப் பெயர் வேண்டாம். நான் அங்கே கண்காணிப்பாளர். பிடிபட்ட மணல் லாரிகள் நின்ற இடம் போக, ஜீப் திரும்பும் இடம் போக, வளாகத்தில் மிச்சமிருந்த ஒரே திறந்த வெளி அந்தப் புல்தரைதான். முன்பு இருந்த ஓர் அதிகாரி ஊட்டியில் வேலை பார்த்துவிட்டு வந்தவர். அந்த ஏக்கத்தில் போட்டது. தானியங்கி வானிலை நிலையம் பொருத்த வந்த ஒப்பந்தக்காரர், "திறந்த வெளி எது சார்?" என்று கேட்டார். காட்டினோம். கான்கிரீட் போட்டு, கம்பி வேலி கட்டி, வேலை முடிந்ததற்குக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார். தோட்டக்காரர் ராசு நாளுக்கு மூன்று தடவை குழாய் பிடித்தார். சித்திரையில் ஊரே வறுபடும்போதும் அந்தப் பெட்டிக்குள் சௌகரியமான ஒரு சீதோஷ்ணம் நிலவியது.

இதனால் யாருக்கும் நஷ்டம் இல்லை என்றே நினைத்திருந்தோம். பிறகு ஓர் உத்தரவு வந்தது. வட்டார நிலையத்தின் வெப்ப அளவு தொடர்ந்து இரண்டு நாள் குறிப்பிட்ட எல்லையைத் தாண்டினால், மறுநாள் முதல் பகல் பன்னிரண்டிலிருந்து மூன்று மணிவரை திறந்த வெளி வேலை எதுவும் நடக்கக் கூடாது. வட்டார நிலையம் என்றால் எங்கள் பெட்டி. வெளியே மாடு செத்து விழுந்த கோடைகளிலும் அது எல்லையைத் தாண்டியதே இல்லை.

அந்த உத்தரவுக்குப் பின்னால் வந்தவர்தான் அவர். மாவட்டத்துக்கு வெப்ப இடர் மாடல் ஒன்று தயாரித்துத் தர ஒப்பந்தத்தில் நியமிக்கப்பட்டவர். ஜலகண்டாபுரத்தில் தறிக்காரர் வீட்டுப் பெண். வளிமண்டல அறிவியலில் முனைவர் பட்டம், வடக்கே ஒரு நிறுவனத்தில் சில வருஷம், காப்பீட்டுக் கம்பெனிகளுக்குப் புயலையும் வெள்ளத்தையும் கணக்குப் போட்டுக் கொடுக்கும் இடத்தில் சில வருஷம். அதையெல்லாம் விட்டுவிட்டு, கொண்டப்பநாயக்கன்பட்டியில் ஒரு மாடி போர்ஷனில் வாடகைக்குக் குடியிருந்துகொண்டு, தினமும் பஸ் பிடித்து எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். நாற்பதை நெருங்கும் வயது. கான்வாஸ் ஷூ. கழுத்தைச் சுற்றி ஒரு தேங்காய்ப்பூத் துண்டு. குடை கிடையாது.

புதிதாக வருகிறவர்கள் முதலில் தங்கள் நாற்காலி எது என்று கேட்பார்கள். அதற்கு ஒரு பதில் வைத்திருந்தேன். அவர் கேட்டது வேறு.

"பெட்டி எங்கீங்க நிக்குது?"

காட்டினேன். புல்தரைக்குப் போய், ஷூவைக் கழற்றி, வெறுங்காலை வைத்துப் பார்த்தார். கால் நனைந்தது. திரும்பி வந்து, "சார், இது பக்கத்துல நிக்கறவனுக்குச் சளிதான் புடிக்கும்" என்றார்.

இதுதான் அவர். வேறு குணங்களும் இருந்திருக்கும். இது ஒன்றுதான் எல்லாருக்கும் தெரியும். ஓர் எண்ணை அவரிடம் சொன்னால் அந்த எண்ணைப் பற்றி யோசிக்க மாட்டார். அது எங்கே நின்று அளக்கப்பட்டது என்று கேட்பார். என் ரத்த அழுத்தம் சரியாக இருக்கிறது என்று ஒருநாள் பெருமையாகச் சொன்னேன்.

"எங்க உக்காந்து பாத்தீங்க?"

"டாக்டர் ரூம்லதான்."

"ஏசி ரூமுங்களா? எவ்வளவு நேரம் உக்காந்திருந்தீங்க?"

"அரைமணி நேரம்."

"இங்க உங்க சீட்டுல, அந்த மணல் லாரிக்காரன் முன்னால நிக்கறப்ப பாருங்க சார். அதுதான் உங்க பிபி."

பக்கத்து மேசைக்காரர்கள் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. அங்கே பிபி பார்த்துக்கொள்ளவும் இல்லை.

ஒரு மதியம் சாப்பிடும்போது அவரே சொன்னது இது. அவருடைய அம்மா ஒரு வரன் பார்த்திருந்தார். பையன் ரொம்ப சாந்தம் என்று தரகர் சொன்னாராம். "எங்க வெச்சுப் பாத்தீங்க? சோபாவுலயா, டிராபிக்லயா?" என்று இவர் கேட்டிருக்கிறார். பையன் காதில் விழும்படி. "அதோட எங்கம்மா வரன் பாக்கறதை நிறுத்திப்போட்டாங்க" என்றார். சொல்லிவிட்டு ரசம் ஊற்றிக்கொண்டார். வருத்தமா என்று தெரிந்துகொள்ள முடியாத முகம்.

அந்த மாடலை எனக்குக் காட்டினார். கணினித் திரையில் மாவட்டம் கட்டம் கட்டமாகக் கிடந்தது. ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு நிறம். எங்கள் பக்கம் முழுவதும் இளம்பச்சை.

"பச்சைன்னா நல்லதுதானே?" என்றேன்.

"இந்தப் பச்சை பூராவும் நம்ம ராசு அண்ணன் ஊத்தற தண்ணிங்க சார். மாடலுக்கு வாய் மட்டுந்தான் இருக்குது, கண்ணு இல்லை. ஊட்டறதைத் திங்கும். இந்தச் சுத்துப்பட்டு ஊரு எல்லாத்துக்கும் நம்ம பெட்டி ஒண்ணுதான் ஊட்டுது."

ராசுவிடமே நேராகப் போய்ப் பத்து நாள் தண்ணீரை நிறுத்தச் சொன்னார். "புல்லு கருகுனா ஐயா என்னையத்தானுங்க வெய்வாரு. நீங்க எழுத்துல வாங்கிட்டு வாங்க மேடம்" என்றார் ராசு. பதினைந்து வருஷம் எங்களோடு இருந்தவர். எதை எழுத்தில் கேட்க வேண்டும் என்று அவருக்குத் தெரியும்.

எங்கள் பக்கம் வெயில் விழும் இடம் என்றால் சேகோ ஆலைக் களங்கள்தான். குச்சிக்கிழங்கு மாவை ஜவ்வரிசியாக்கிக் காயவைக்கும் சிமெண்டுக் களங்கள். ஆலைக்காரருக்கு வெயில் வேண்டும். எவ்வளவு வெயில் அடிக்கிறதோ அவ்வளவு சீக்கிரம் காயும். பன்னிரண்டு மணிக்குப் பெண்கள் வரிசையாக நின்று, பலகை கட்டிய கோலால் அதைத் திருப்பிக்கொண்டே போவார்கள். மேலே வெயில், கீழே சிமெண்டுச் சூடு, முகத்துக்கு நேராகக் கண்ணைக் கூசவைக்கும் அந்த வெள்ளை. உத்தரவு யாருக்காக என்றால் இவர்களுக்காகத்தான்.

ஆலைக்காரர்களோடு ஒரு கூட்டம் நடந்தது, ஓர் ஆலையிலேயே. ஆலை முதலாளி மரியாதையான மனிதர். மோர் கொடுத்தார். "எங்க களத்துல சூடே தெரியாதுங்க மேடம். நல்லா காத்தாடும்" என்றார்.

"நீங்க எங்க நின்னு பாத்தீங்க?"

"இதோ, இந்த ரூம்லதானுங்க. ஜன்னல்ல காத்து வருதில்லீங்க?"

"வாங்க போலாம். செருப்பை இங்கயே உட்ருங்க."

அவரும் ஏதோ விளையாட்டு என்று நினைத்து இறங்கிவிட்டார். மூன்று எட்டு வைத்தார். நாலாவது எட்டில் குதித்தார். வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவர் குதித்த குதிக்குக் களத்துப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அதில் ஒருத்தி பொத்தாமலே சிரித்தாள். "மொதலாளி கரகம் ஆடறாரு டோய்!" என்றாள். அவள் பெயர் பாவாயி.

மறுநாள் அந்த முதலாளி எங்கள் அதிகாரியோடு தேநீர் குடித்தார். என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. "அந்தம்மா கோப்பெல்லாம் விதிப்படி பார்த்து அனுப்புங்க" என்று அதிகாரி என்னிடம் சொன்னார். விதிப்படி என்ற சொல்லை எங்கள் அலுவலகத்தில் யாரும் சாதாரணமாக உபயோகிப்பதில்லை.

பாவாயிக்கு ஐம்பது வயது இருக்கும். மகளும் அதே களத்தில்தான். சிரித்த அன்றே மேடத்துக்கு அவளைப் பிடித்துப்போயிற்று. இவரிடம் கையில் பிடித்துச் சுழற்றும் ஒரு கருவி இருந்தது. கிலுகிலுப்பை போல இருக்கும். உள்ளே இரண்டு வெப்பமானி, ஒன்றின் நுனியில் ஈரத்துணி. வியர்வை காயுமா, காயாதா என்று அதில் தெரியும். காயாத நாளில் உடம்பு உள்ளேயே வேகும். இவரால் வாரத்துக்கு இரண்டு நாள்தான் களத்துக்குப் போக முடிந்தது. மற்ற நாட்களுக்கு ஆள் வேண்டும். பாவாயி எண் படிப்பாள். கிலுகிலுப்பையும் ஒரு நோட்டும் அவள் கைக்குப் போயின.

சொல்லிக்கொடுத்தபோது நானும் இருந்தேன், ஜீப்புக்குள்.

"நெழல்ல நின்னு சுத்தப்படாதுங்க்கா. நீங்க வேலை செய்யற எடத்துல, களத்து நடுவுல நின்னு சுத்தோணும்."

"இருக்கற வெயில் பத்தாதாக்கும் எனக்கு? சரி சாமி, சுத்தறேன். எத்தனை தடவை?"

"பாதரசம் அசையாம நிக்கற வரைக்கும். பன்னண்டுக்கு ஒருக்கா, ரெண்டுக்கு ஒருக்கா. ஓரமா நின்னு சுத்துனா அந்தக் கணக்கு குப்பைக்குத்தான் போவும்."

"ஓரமா நின்னா நீ கண்டுபுடிச்சுருவியா?"

"கண்டுபுடிச்சுருவேன்."

கண்டுபிடித்தார். ஒரு நாள் நோட்டில் இரண்டு மணி அளவைப் பார்த்துவிட்டு, "இது மோட்டார் ரூம் நெழலுங்க்கா" என்று அந்த எண்ணை அடித்துவிட்டார். பாவாயி அன்று தலைவலி என்று ஒதுங்கி நின்றது உண்மைதான். அதற்குப் பிறகு அவள் ஒதுங்கவில்லை. சாப்பாட்டு வேளையில் மற்றவர்கள் கொட்டகைக்குப் போக, இவள் மட்டும் நடுக்களத்தில் நின்று கிலுகிலுப்பை சுழற்றினாள். "பாவாயிக்குச் சாமி வந்திருச்சு" என்று கேலி செய்தார்களாம்.

பெட்டியை இடம் மாற்றக் கோரும் கடிதத்தை அவர் தை மாதம் எழுதினார். ரேஷன் கிடங்குக்குப் பின்னால் இருந்த செம்மண் பொட்டலுக்கு மாற்ற வேண்டும், கோடைக்கு முன் மாற்ற வேண்டும், மாற்றினால் உத்தரவு வேலை செய்யும், களங்களில் பகல் வேலை நிற்கும். ஒன்றரைப் பக்கம். அதைவிடத் தெளிவான கடிதத்தை என் பணிக்காலத்தில் நான் படித்ததில்லை. மேலலுவலகத்துக்கு நேரடியாக முகவரியிட்டிருந்தார். உரிய வழியாக வரவில்லை என்று திருப்பினேன்.

உரிய வழியாக வந்தது. இட வரைபடம் இணைக்கப்படவில்லை என்று திருப்பினேன்.

வரைபடத்தோடு வந்தது. அந்தப் பொட்டல் புறம்போக்கு; அதன் வகைப்பாட்டுக்கு நகலும், ஆட்சேபணை இல்லை என்ற சான்றும் வேண்டும். திருப்பினேன்.

மூன்று திருப்புதலும் சரி. எந்தத் தணிக்கையிலும் நிற்கும். ஒரு போன் செய்திருந்தால் அந்த இரண்டு இணைப்புகளும் ஒரே நாளில் என் மேசைக்கு வந்திருக்கும் என்பதும் சரி. போன் செய்யக் கூடாது என்று எந்த விதியும் சொல்லவில்லை. செய்ய வேண்டும் என்றும் சொல்லவில்லை.

மூன்றாவது தடவை அவர் என் மேசைக்கு முன் நின்று கேட்டார். "சார், மாசி முடியப் போவுது. நீங்க ஒருக்கா அந்தக் களத்துல எறங்கி நின்னிருக்கீங்களா?"

"அது என் பணி இல்லை மேடம்."

"சரிங்க" என்று சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். ஒரு கருவி தப்பான இடத்தில் நிற்கிறது என்று குறித்துக்கொள்கிற பார்வை.

எல்லா இணைப்புகளோடும் நான்காவது தடவை கடிதம் வந்தபோது சித்திரை பிறந்திருந்தது. குறை எதுவும் இல்லை. மேலே அனுப்ப வேண்டிய கோப்புக்கட்டில் வைத்தேன். அங்கே அது ஆறு நாள் இருந்தது. ஏழு நாள் வரை வைத்திருக்கலாம்.

ஆறாம் நாள் பகல் இரண்டு மணிக்குப் பாவாயி களத்தில் விழுந்தாள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் முடிந்துவிட்டது. அலுவலகத்துக்குத் தகவல் வந்தபோது அவர் கணினி முன் இருந்தார். எழுந்து கிளம்பினார். விசாரணைக்கு நான் போக வேண்டியிருந்ததால் ஜீப்பில் அவரும் ஏறிக்கொண்டார்.

ஆஸ்பத்திரி வாசலில் பாவாயியின் மகள் தரையில் உட்கார்ந்திருந்தாள். மடியில் அந்தக் கிலுகிலுப்பை. கண்ணாடி உடைந்திருந்தது. இவர் அவள் எதிரில் உட்கார்ந்தார். என்ன ஆறுதல் சொல்லப் போகிறார் என்று நான் பார்த்தேன். அவர் வாயில் வந்தது அவருக்குத் தெரிந்த ஒரே கேள்விதான்.

"அக்கா எங்க நின்னுட்டிருந்தாங்க?"

மகள் நிமிர்ந்து பார்த்தாள். கோபம்கூட இல்லை.

"நீங்க நிக்கச் சொன்ன எடத்துலதானுங்க நின்னுச்சு. தலை சுத்துதுன்னுச்சு. கொட்டாய்க்கு வாம்மான்னு கூப்புட்டேன். ஓரமா நின்னா அந்தப் புள்ள கண்டுபுடிச்சுரும்னு சொல்லிச்சு."

அவர் அந்த நோட்டைக் கேட்டு வாங்கினார். பன்னிரண்டு மணி அளவு இருந்தது. இரண்டு மணிக் கட்டம் காலியாக இருந்தது.

மறுநாள் நான் விசாரணை அறிக்கை எழுதினேன். அதில் ஒரு பத்தி: சம்பவ தினத்தின் வெப்ப அளவு. அவர் நோட்டைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். "இதுல இருக்கறதை எழுதுங்க சார். பன்னண்டு மணிக்கே எல்லையைத் தாண்டிருச்சு. அக்கா கையால எழுதுனது."

"இந்தக் கருவிக்குத் தரச்சான்று இருக்கிறதா?"

"என்னோட சொந்தக் கருவிங்க. சரியாத்தான் காட்டும்."

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். விதிக்கு அது போதும். ஆனால் ரத்த அழுத்தத்துக்கு அன்று எல்லாரும் சிரித்தது எனக்கு ஞாபகம் இருந்தது.

"பாவாயி எங்கே நின்று இதை அளந்தாள் என்று பார்த்தவர் யார், மேடம்? நிழலிலா, வெயிலிலா? சுவரோரமா, நடுவிலா? நீங்கள் அங்கே இருந்தீர்களா?"

மின்விசிறிக் காற்றில் நோட்டின் தாள்கள் புரண்டன. "இல்லீங்க. நான் இங்க இருந்தேன்" என்றார். நோட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அறிக்கையில் எங்கள் பெட்டியின் அளவை எழுதினேன். எல்லைக்குள் இருந்தது. மாரடைப்பு என்று ஆஸ்பத்திரி எழுதியிருந்தது. அதற்கும் இதற்கும் முரண்பாடு இல்லை. அதே தபாலில் அவருடைய கடிதத்தையும் மேலே அனுப்பினேன். ஏழாம் நாள். தாமதம் இல்லை.

ஆனியில் ஒப்பந்தம் முடிந்தது; நீட்டிக்கவில்லை. அவரும் கேட்கவில்லை. அந்த மாடலை முடித்துக் கொடுத்துவிட்டுத்தான் போனார். எங்கள் பக்கத்துக் கட்டங்களை மட்டும் நிறம் போடாமல் வெள்ளையாக விட்டிருந்தார். அது முழுமையடையாத பணி என்று குறிப்பு எழுதினேன். பிறகு யாரோ அதில் பச்சை நிரப்பிக்கொண்டார்கள்.

அடுத்த தை மாதம் சேலம் புது பஸ் நிலையத்தில் அவரைப் பார்த்தேன். பெங்களூர் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தார். குளிருக்குப் போடும் நல்ல கோட்டு, தோல் செருப்பு. கழுத்தில் துண்டு இல்லை. ஏதோ கம்பெனியில் சேர்ந்து, எங்கோ கடல் தாண்டிய ஊர்களுக்கு வெப்ப இடர் கணக்குப் போடுவதாகச் சொன்னார்.

"அங்கெல்லாம் பெட்டி எங்கே நிற்கிறது என்று போய்ப் பார்க்க முடிகிறதா?" என்று கேட்டேன். நல்லெண்ணத்தில் கேட்டேன் என்று சொல்ல மாட்டேன்.

"இல்லீங்க சார். எண்ணு அனுப்பறாங்க. வாங்கிக்கறேன்."

பஸ் வந்தது. ஏறுவதற்கு முன் திரும்பி, "அந்தப் புள்ள இன்னும் களத்துக்குத்தான் போவுதுங்களா?" என்று கேட்டார். பாவாயியின் மகளைத்தான் கேட்டார். விசாரிக்கிறேன் என்றேன். விசாரிக்கவில்லை. விசாரிக்காமலே தெரியும், அவள் அம்மா நின்ற வரிசையில் அவள்தான் நின்றாள்.

நான் ஓய்வு பெற்ற அன்று பிரிவு உபசார விழா எடுத்தார்கள். அலுவலகக் கூடத்தில் புழுக்கம் தாங்காது என்று எல்லாருமே சொன்னதால் புல்தரையில் பந்தல் போட்டார்கள். தாலுகாவிலேயே குளுமையான இடம் அதுதான் என்று எங்கள் அதிகாரி மேடையில் சொன்னார். அவர் அதை ஒரு வாழ்த்தாகத்தான் சொன்னார். காலையிலேயே ராசு நன்றாகத் தண்ணீர் விட்டிருந்தார். நான் பெட்டிக்குப் பக்கத்தில் மாலையோடு உட்கார்ந்திருந்தேன். வேலிக்கு வெளியே தார் ரோடு இளகிக்கொண்டிருந்தது. ஆலைக்கார முதலாளி சால்வை போர்த்தினார்.

அப்போதுதான் தபால்காரர் வந்தார். மேலலுவலகக் கடிதம். தபால் பிரிவினர் எல்லாரும் பந்தலில் இருந்ததால் நானே உள்ளே போய்ப் பிரித்தேன். பொருள்: வானிலை நிலையத்தை இடம் மாற்றுதல். பார்வை ஒன்றில் அவருடைய கடிதம். பார்வை இரண்டில் என்னுடைய விசாரணை அறிக்கை. சம்பவ தினத்தன்றுகூட மேற்படி நிலையத்தின் பதிவு நிர்ணயிக்கப்பட்ட எல்லைக்குள்ளேயே இருந்தது என்பது பார்வை இரண்டின் வாயிலாகத் தெளிவாவதால், அந்நிலையம் தற்போதைய இடத்திலேயே தொடரலாம், இடமாற்றத்துக்கு அவசியம் எழவில்லை என்று தெரிவிக்கப்பட்டிருந்தது.

படிவத்தில் தவறில்லை. உள்வரவு முத்திரையை எடுத்து, தேதிச் சக்கரம் சரியாக இருக்கிறதா என்று பார்த்து, குத்தினேன். மே முப்பத்தொன்று, பிற்பகல்.